ஆடு பாம்பே: சித்தர் மரபு, ராக் மேடை, சுவைஞர் மதிப்பீடு

முன்னுரை

ஒரு பாடல் ஏட்டில் ஒருமுறை எழுதப்படுகிறது. மேடையில் பலமுறை பாடப்படுகிறது. ஏட்டிலுள்ள பாடலை மதிப்பிடுவதற்கு உரைமரபு, பாடவேறுபாட்டு ஆய்வு, யாப்பியல், அணியியல் எனப் பல கருவிகளைத் தமிழாய்வுலகம் உருவாக்கி வைத்துள்ளது. இன்ன நாளில் இன்ன அவையில் பாடப்பட்ட பாடலை மதிப்பிடும் பணியோ பெரும்பாலும் கேட்டவர்களின் வாய்ப்பேச்சுக்கே விடப்பட்டுள்ளது. அப்பேச்சு ஆய்வுக்குரிய சான்றாகக் கொள்ளப்படுவதில்லை.

ராக் இசைக்குழுக்களின் ரசிகர்களிடம் இத்தகைய பேச்சு மிகுதி. ஒரு குழுவின் எந்த மேடை நிகழ்ச்சி சிறந்தது, ஒரு பாடலை எந்த இரவில் மிகச் சிறப்பாகப் பாடினர் என்று அவர்கள் வாதிடுவர். இதனை இளைஞர்களின் அபிமானம் என்று ஒதுக்கிவிடுவதே கல்விப்புல வழக்கம். இப்பேச்சு திறனாய்வாகக் கொள்ளத்தக்கதா, ஆம் எனில் அதனைத் தரம்பிரிக்கும் அளவுகோல் தமிழ் மரபுக்குள் உண்டா என்னும் இரு வினாக்களை ‘ஆடு பாம்பே’ என்னும் பாடலை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சித்தர் பாடல் மரபில் தோன்றி, நாராயண குருவின் மலையாளப் பாட்டில் மறுபிறப்பெடுத்து, திருவனந்தபுரத்து ராக் இசைக்குழுவின் மேடைக்கு வந்த பாடல் இது. இப்பாடல் கடந்துவந்த நிலம் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியாகும். எனவே அந்நிலத்தின் கேட்கும் மரபிலிருந்து ஆய்வைத் தொடங்குவது பொருத்தமாகும்.

எல்லைநிலமும் கேட்கும் மரபும்

காரக்கோணம் கேரள மாநிலத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் முன்வைத்த கோரிக்கையில் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் இடம்பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எல்லைக்கோடு நிர்வாகத்தைப் பிரித்தது. பாட்டையும் கேட்பவரையும் அக்கோட்டால் அவ்வளவு எளிதில் பிரிக்க இயலவில்லை.

இதற்கு முதற்சான்று தென்திருவிதாங்கூர்க் கதைப்பாடல்கள். ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’, ‘உலகுடைய பெருமாள் கதை’ முதலியவற்றைத் தமிழாய்வாளர்கள் தமிழ்க் கதைப்பாடல்களாகவும், மலையாள இலக்கிய வரலாற்றாசிரியர்கள் தெக்கன் பாட்டுகளாகவும் வகைப்படுத்துவர். இரு மொழியும் விரவிய அப்பாடல்கள் எம்மொழிக்கு உரியவை என்னும் வினா வகைப்படுத்துவோர் எழுப்பியது. வில்லுப்பாட்டு மேடையின்முன் அமர்ந்து கேட்டவரிடம் அவ்வினா எழுந்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் சான்று நவராத்திரி விழா. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து, கம்பர் வழிபட்டதாக மரபு கூறும் சரசுவதி படிமம் ஆண்டுதோறும் ஊர்வலமாகக் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்கிறது. அங்கு நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது இரவுகளும் சுவாதித் திருநாள் (1813-1846) இயற்றிய கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. எந்த இரவுக்கு எந்தக் கீர்த்தனை என்பது முன்னரே வரையறுக்கப்பட்டது. அவையினர் கைதட்டும் வழக்கமும் அங்கு இல்லை. பாடலும் இராகமும் இரவும் மாறாத நிலையிலும் கேட்போர் ஓர் ஆண்டின் கச்சேரியை மற்றோர் ஆண்டின் கச்சேரியோடு ஒப்பிடுகின்றனர். பாறசாலையில் 1924இல் பிறந்த பி. பொன்னம்மாள் 2006ஆம் ஆண்டு அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண் இசைக்கலைஞரானார். பெண்குரல் புகாதிருந்த மண்டபத்தில் எண்பதைக் கடந்த ஒரு பெண்ணின் குரல் ஒலித்தது என்பதே அவ்வாண்டு நிகழ்ச்சியின் தனிச்சிறப்பு. கீர்த்தனையின் பனுவலை எத்துணை நுணுகி ஆராய்ந்தாலும் இச்சிறப்பினை அதில் காண இயலாது.

கைதட்டாத அரண்மனை அவை, விடியவிடிய அமர்ந்திருக்கும் கொடைவிழா அவை ஆகிய இரண்டையும் அறிந்த நிலத்திற்கு நின்றுகொண்டும் ஆடிக்கொண்டும் கேட்கும் ராக் அவை மூன்றாவதாக வந்து சேர்ந்தது.

ஒரு விளி, மூன்று நிலைகள்

பாம்பாட்டிச் சித்தர் பெயரில் வழங்கும் 129 பாடல்கள் பாம்பை விளித்து ஆடப் பணிக்கும் தொடரால் ஒன்றுபட்டவை. கடவுள் வணக்கம், குரு வணக்கம், பாம்பின் சிறப்பு, சித்தர் வல்லபம், பொருளாசை விலக்கல் எனப் பல பகுதிகளாக அவை பதிப்பிக்கப்பட்டுள்ளன. பாம்பு என்பது குண்டலினி ஆற்றலைக் குறிக்கும் என்பது பொதுவான விளக்கம். எனினும் பாம்பாட்டி மகுடி ஊதித் தெருவில் ஆட்டும் பாம்பின் காட்சியும் பாடலைவிட்டு நீங்குவதில்லை. மறைபொருளும் தெருக்காட்சியும் ஒருங்கே இயங்குவதே இப்பாடல்களின் ஆற்றல் எனலாம்.

நாராயண குரு (1856-1928) இம்மரபினை நேரடியாக அறிந்தவர். அவர் தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ‘ஒழிவிலொடுக்க’த்தையும் மலையாளத்தில் பெயர்த்தார். யோகநெறியைத் தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம் பயின்றார். கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையில் தவம் செய்தார். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி நாளில் அவர் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் நெய்யாற்றின் கரையில், இத்தாலுகாவுக்குள்ளேயே உள்ளது. அவருடைய ‘குண்டலினிப்பாட்டு’ பாம்பாட்டிச் சித்தரின் விளியையும் ஏவலையும் ஏற்று மலையாளத்தில் அமைந்தது. சித்தரின் பாடல்களோடு ஒப்பிடுகையில் இது மிகச் சிறியது. உலகியலைச் சாடும் குரல் இதில் அடங்கி, சிவனடியில் ஆடுதல் என்னும் ஒரே பொருள் மேலோங்குகிறது. ஆடு, பாம்பு என்னும் சொற்களும் விளியேற்கும் ஏகாரமும் இரு மொழிக்கும் பொதுவானவை. ஆதலின் எல்லைநிலத்தார் இப்பாட்டின் விளியை மொழிபெயர்ப்பின்றியே பொருளுணர்ந்து கேட்க முடிகிறது.

மூன்றாம் நிலை அவியல் இசைக்குழு. 2003ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் உருவான இக்குழு, ஆங்கிலத்தில் பாடுவதே ராக் என்றிருந்த சூழலில் மலையாளத்தில் பாடத் தொடங்கியது. குழுவின் பெயரே பல காய்களைக் கலந்து ஆக்கும் கறியின் பெயர். 2008இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தொகுப்பில் ‘ஆடு பாம்பே’ இடம்பெற்றது. குருவின் பாட்டு மின்கித்தார், பாஸ் கித்தார், டிரம்ஸ், மின்னணு ஒலி ஆகியவற்றின் துணையோடு ராக் பாடலாயிற்று. பக்தியோடு ஓதப்பட்டு வந்த பாட்டு, அதனை முன்பின் கேட்டிராத இளைஞர் அவையைச் சென்றடைந்தது.

இப்பாடலைப் பற்றி இருவகைக் கருத்துகள் எழ இடமுண்டு. இரைச்சலில் தத்துவம் மூழ்கிவிட்டது என்பது ஒன்று. பழம்பாடல் புதுவாழ்வு பெற்றது என்பது மற்றொன்று. இரு கருத்துகளும் பாடலை ஒரே நிலையான பொருளாகக் கொள்கின்றன. மேடையிலோ அப்பாடல் ஒன்றாக நிற்பதில்லை.

மீள்வரும் தொடரின் இயல்பு

பாம்பாட்டிச் சித்தர் பாடல்களை நூலில் தொடர்ந்து படிப்பவருக்கு ஓர் அனுபவம் நேரும். சில பக்கங்கள் கடந்ததும் இறுதித்தொடரைக் கண் தாவிச் செல்லும். அத்தொடர் ஏற்கெனவே அறிந்ததாகிவிடுவதே காரணம். அச்சில் மீள்வரும் தொடர் ஒவ்வொரு முறையும் அதுவேயாகும்; எழுத்தளவில் எந்த வேறுபாடும் இல்லை. திறனாய்வாளரும் பாடலின் பொருளை முன்னடிகளில் தேடி, இறுதித்தொடரை அமைப்புக்கூறு என்று ஒருவரியில் குறித்துவிட்டு மேற்செல்வர்.

பாடும்போது நிலைமை தலைகீழாகிறது. முன்னடிகள் மாறிக்கொண்டிருக்க, அவையினர் காத்திருப்பது மீள்வரும் தொடருக்காகவே. குரல் எந்த உயரத்தில் அதனைத் தொடுகிறது, தாளம் அதற்குமுன் சற்றே நிற்கிறதா, கருவிகள் ஓய்ந்து குரல் தனித்து விடப்படுகிறதா, அவையினரே அதனை ஏற்றுப் பாடுகின்றனரா என்பனவற்றைப் பொறுத்து அது ஏவலாகவும் இறைஞ்சலாகவும் வெறியாட்டாகவும் மாறக்கூடும். ‘ஆடு’ என்பது ஏவல்வினை. ஏட்டில் அது பாம்பை நோக்கியது. ராக் மேடையில் அது அவையை நோக்கியதாகவும் ஆகிறது. கேட்போர் ஆடத் தொடங்கும்போது விளிக்கப்பட்ட பாம்பு அவர்களுக்குள் இருப்பதாகச் சித்தர் கொண்ட பொருள் புறக்காட்சியாக விரிகிறது. இது ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் தவறாது நிகழும் என்று சொல்வதற்கில்லை. ஓர் இரவில் நிகழலாம். மறு இரவில் வெறும் ஓசையாக முடியலாம். ஆகவே ‘ஆடு பாம்பே’ ராக் இசையில் வெற்றி பெற்றதா என்னும் பொதுவினாவைவிட எந்த நிகழ்ச்சியில் வெற்றி பெற்றது என்னும் வினாவே பொருத்தமுடையது. ரசிகர்கள் கேட்பது இவ்வினாவையே.

வாய்மொழிக் காப்பிய ஆய்வு இம்முடிவுக்கு முன்னரே வந்துள்ளது. மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியப் பாணர்களிடம் மேற்கொண்ட கள ஆய்வினை ஆல்பர்ட் லார்ட் ‘கதைப் பாடகன்’ (1960) என்னும் பொருளில் அமைந்த நூலாக விரித்தார். வாய்மொழி மரபில் மூலப்பாடம் ஒன்றனைத் தேடுவது பொருளற்றது, ஒவ்வொரு நிகழ்த்துதலும் தன்னளவில் மூலமே என்பது அவர் கருத்து. க. கைலாசபதி ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ பற்றிய தம் ஆங்கில நூலில் (1968) இக்கோட்பாட்டைச் சங்கச் செய்யுள்களுக்குப் பொருத்தினார். அவர் வழிவந்த ஆய்வுகள் வாய்பாட்டுத் தொடர்களைக் கணக்கிடுவதில் காட்டிய ஆர்வத்தை, ஒரு நிகழ்த்துதல் மற்றொன்றைவிட ஏன் மேலானது என்னும் மதிப்பீட்டில் காட்டவில்லை. பாடுவோரின் கலை ஆராயப்பட்ட அளவுக்குக் கேட்போரின் தீர்ப்பு ஆராயப்படவில்லை.

‘எந்த இரவு’ என்னும் வினா

கேட்போரின் தீர்ப்பு ஒரு முறையான அறிவாக வளர்ந்ததற்கு உலக அளவில் சிறந்த எடுத்துக்காட்டு கிரேட்ஃபுல் டெட் என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் ரசிகர்கள். கலிபோர்னியாவில் 1965இல் தோன்றிய இக்குழு, ஜெர்ரி கார்சியா 1995இல் மறையும்வரை ஏறத்தாழ 2300 நிகழ்ச்சிகளை நடத்தியது. ஒரு நாள் பாடிய வரிசையில் மறுநாள் பாடுவதில்லை. ஒரு பாடலின் நீளமும் நிலைத்ததில்லை. ‘டார்க் ஸ்டார்’ என்னும் பாடல் 1968இல் தனி இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடங்களுக்கும் குறைவானது. 1969இல் வந்த மேடைப்பதிவுத் தொகுப்பில் அது இருபத்துமூன்று நிமிடங்களைக் கடந்தது. 1972 ஆகஸ்ட் 27 அன்று ஓரிகன் மாநிலத்து வெனீட்டாவில் அரைமணி நேரத்துக்கும் மேலாக வளர்ந்தது. இவற்றுள் எதனைப் பாடலின் பாடமாகக் கொள்வது என்று பதிப்பாசிரியர் திகைக்கலாம். ரசிகருக்கு அத்திகைப்பு இல்லை. அவர் பாடலை நாளோடும் ஊரோடும் சேர்த்தே பெயரிட்டு அழைக்கிறார்.

ரசிகர்கள் தாமே ஒலிப்பதிவு செய்துகொள்ளக் குழுவினர் இசைவளித்தனர்; 1984 முதல் பதிவு செய்வோர்க்கென அரங்கில் தனியிடமும் ஒதுக்கினர். நாடாக்கள் விலையின்றிக் கைமாறின. பாடல்வரிசைகள் தொகுக்கப்பட்டு 1987 முதல் நூலாகவும் வந்தன. பதிவைத் தேடுதல், பாடலை நாள்வாரியாக ஒப்பிடுதல், வேறுபாட்டைக் குறித்தல், தீர்ப்புரைத்தல், அதனை மறுத்தல் என இவர்கள் செய்தவை சுவடித் திறனாய்வாளர் செய்பவற்றுக்கு நெருங்கியவையே. நோக்கத்தில்தான் வேறுபாடு உள்ளது. சுவடி ஆய்வாளர் பல பாடங்களிலிருந்து ஒன்றை மீட்க முயல்வார். ரசிகர் பல நிகழ்ச்சிகளையும் அவ்வவ்வாறே காக்க முயல்வார்.

இவ்வகைப் பேச்சு தமிழர்க்குப் புதிதன்று. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றிப் பேசிய தலைமுறையினர் இன்ன ஊர்த் திருவிழாவில், இன்ன இரவில் கேட்ட தோடி என்றே பேசினர். கல்கி 1930களில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்களும் இன்ன கச்சேரி என்னும் தனித்தன்மையைப் பற்றியே நின்றன. கல்கியின் எழுத்து அச்சேறியதால் வரலாறாயிற்று. ஊர்த்திண்ணையில் பேசியவரின் கருத்து காற்றோடு போயிற்று. இரண்டுக்கும் தரத்தில் வேறுபாடு இருந்திருக்கலாம். வகையில் வேறுபாடு இல்லை.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

ரசிகர் பேச்சு முழுவதையும் திறனாய்வு என்று ஏற்பதற்கில்லை. அதனுள் தேர்ந்ததையும் தேராததையும் பிரிக்கும் அளவுகோல் தேவை. அது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் உரைமரபில் கிடைக்கிறது.

மெய்ப்பாட்டின் எண்வகைச் சுவையையும் நான்கு நான்காக விரித்து முப்பத்திரண்டாக்குவர் உரையாசிரியர். அந்நான்காவன: சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, அது மனத்துப்பட்ட வழித் தோன்றும் குறிப்பு, குறிப்பு முதிர்ந்து உடலில் வெளிப்படும் விறல். இளம்பூரணர் காட்டும் செயிற்றியக் கருத்துப்படி, நிகழ்த்துவோன் செய்தது காண்போரைச் சென்று எய்துவதே மெய்ப்பாடு. ஆகவே மெய்ப்பாடு மேடையில் மட்டும் முழுமை பெறுவதன்று. அவையில் சென்று முடிவது. காண்போரின் சான்று இல்லாமல் அதனை அறுதியிட வழியில்லை.

இந்நான்கு நிலைகளையும் ரசிகர் பேச்சுக்குப் பொருத்திப் பார்க்கலாம். தேராத ரசிகர் முதல் நிலையைச் சொல்லி நான்காம் நிலைக்குத் தாவிவிடுகிறார். இன்ன பாடலைப் பாடினார்கள், மயிர்க்கூச்செறிந்தது என்பதோடு அவர் பேச்சு முடிகிறது. பொருளும் விறலும் உள. இடைநின்ற பொறியுணர்வும் குறிப்பும் இல்லை. தேர்ந்த ரசிகர் அவ்விடைவெளியை நிரப்புகிறார். மூன்றாம் முறை ‘ஆடு பாம்பே’ என்று வந்தபோது டிரம்ஸ் நின்றது, குரல் மட்டும் ஒலித்தது, அதுவரை கட்டளையாகக் கேட்ட சொல் அப்போது கெஞ்சலாகக் கேட்டது, அதன்பின் கருவிகள் திரும்பியபோது அவை ஆடியது என்று ஒருவர் கூறுவாராயின் பொருள், உணர்வு, குறிப்பு, விறல் என்னும் நான்கும் அதில் முறையே அமைந்துவிடுகின்றன. இன்னொரு நாளின் நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு அங்கு இது நிகழவில்லை என்று சொல்வாராயின் அது முழுமையான திறனாய்வுக் கூற்றாகும். அக்கூற்றைப் பதிவைக் கேட்டுச் சரிபார்க்கவும் மறுக்கவும் இயலும்.

விறலைச் சான்றாகக் கொள்வது தென்மாவட்டக் கொடைவிழாவில் நடைமுறையாகவே உள்ளது. வில்லுப்பாட்டுக் குழுவில் அண்ணாவி வீசுகோல் கொண்டு வில்லை அடித்துப் பாட, குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணைசெய்கின்றன. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என்னும் அமைப்பு நிலைத்தது. ஏட்டைக் கையில் வைத்துப் பாடும் வழக்கமும் உண்டு. ஆயினும் கதையின் உச்சப்பகுதியைப் பாடும்போது சாமியாடுவோர்மேல் அருள்வருதல் என்பது அவ்விரவின் நிகழ்ச்சி. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் நாகர்கோவில் வட்டாரத்தில் 1970களின் இறுதியில் மேற்கொண்ட கள ஆய்வின் பயனாக 1988இல் வெளியிட்ட நூல், பிறப்புக்கதை இறப்புக்கதை என்னும் பாகுபாட்டையும் அருள்வரும் தருணத்துக்கும் கதைப்பகுதிக்கும் உள்ள உறவையும் விளக்குகிறது. பாட்டு எய்தியதா என்பதற்கு ஆடுவோரின் உடல் சான்றாகிறது. இங்கு மதிப்பீடு நிகழ்ச்சிக்குப்பின் எழும் கருத்தாக மட்டும் அமையாது, நிகழ்ச்சியின் உள்ளேயே இடம்பெறுகிறது. ராக் அவையின் ஆட்டத்தைச் சாமியாட்டத்தோடு சமப்படுத்துவது தவறாகும். ஒன்று வழிபாடு, மற்றொன்று கேளிக்கை. எனினும் நிகழ்த்துதலின் வெற்றியைக் கேட்போரின் மெய்யில் காண்பது இரண்டுக்கும் பொது.

அவையின் தன்மையும் மதிப்பீட்டில் சேரும். 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய அக்குழு கானா, பறை, ராப், ராக் ஆகியவற்றை ஒரே மேடையில் இணைத்தது. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. சாவு வீட்டுக்கும் குடிசைப்பகுதிக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்த கானா, பொதுமேடையில் தன் பெயரோடு நின்ற நாள் அது. பின்னாளில் இதே பாடல்களை இன்னும் செம்மையாகப் பாடியிருந்தாலும் அம்முதல் இரவின் மதிப்பு குறைவதில்லை. நவராத்திரி மண்டபத்து 2006ஆம் ஆண்டுக் கச்சேரிக்கும் இது பொருந்தும். யார் பாடினார், யார் கூடியிருந்தனர், அதுவரை யாருக்கு அவ்விடம் மறுக்கப்பட்டிருந்தது என்பனவும் நிகழ்த்துதலின் பொருளில் அடங்கும்.

ரசிகர் தீர்ப்பின் குறைகள்

ரசிகர் தீர்ப்பில் மூன்று குறைகள் நேர வாய்ப்புண்டு. முதலாவது, நேரில் இருந்த பெருமை. தாம் இருந்த இரவே சிறந்த இரவு என்று கொள்ளும் மனப்பாங்கு எளிதில் தோன்றும். இரண்டாவது, நினைவின் மிகை. ஆண்டுகள் செல்லச்செல்ல நிகழ்ச்சி வளர்கிறது. தவறிய சுருதி மறைகிறது. மூன்றாவது குறை நுட்பமானது. அது பதிவைச் சார்ந்தது.

கிரேட்ஃபுல் டெட் குழு 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்துப் பார்ட்டன் அரங்கில் நடத்திய நிகழ்ச்சியே மிகச் சிறந்தது என்பது ரசிகரிடையே நெடுநாள் வழங்கும் கருத்து. அதன் பதிவு 2011ஆம் ஆண்டுக்கான அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்னும் ஒலிப்பதிவாளர் தெளிவாகப் பதிவுசெய்த நாடாக்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவலாகக் கைமாறியதே இப்புகழுக்குப் பெருங்காரணம் என்றும், மறுநாள் பஃபலோ நகரில் நடந்ததே மேலானது என்றும் வாதிடும் ரசிகர்கள் உளர். நல்ல பதிவு கிடைத்த இரவு காவியமாகிறது; பதிவு கிடைக்காத இரவு மறைகிறது.

இக்குறையைக் காட்டி ரசிகரைப் பழிக்கும் உரிமை தமிழாய்வுலகுக்கு அவ்வளவாக இல்லை. நா. வானமாமலை பதிப்பித்த ‘முத்துப்பட்டன் கதை’, ‘கான்சாகிபு சண்டை’, ‘ஐவர் ராசாக்கள் கதை’ முதலியவை 1970களில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. அவை வாராதிருப்பின் கதைப்பாடல் ஆய்வே இவ்வளவு வளர்ந்திராது. ஆயினும் அச்சேறிய ஒரு பாடமே கதையின் பாடம் என்னும் எண்ணம் அவற்றைப் பயன்படுத்திய பின்னையோரிடம் படிந்தது. பதிப்பாசிரியர் கைக்கு எட்டிய ஏடு காவியமாயிற்று; எட்டாத நூற்றுக்கணக்கான இரவுகள் மறைந்தன. கார்னெல் இரவைப் பற்றி ரசிகர்கள் தமக்குள் எழுப்பிய ஐயத்தை, அச்சுப் பதிப்பைப் பற்றி ஆய்வாளர் போதிய அளவு எழுப்பவில்லை.

இவ்விடத்தில் எல்லைநிலத்தின் நிலைமை கவலைக்குரியது. கொடைவிழாக்களில் ஒலிநாடாவில் பதிவு செய்யும் வசதி வந்தபின் விழாக்குழுவினரும் ஆர்வலரும் செய்த பதிவுகள் வீடுகளில் கிடக்கின்றன. காந்த நாடா ஈரத்திலும் பூஞ்சையிலும் கெடும் இயல்புடையது. இன்ன ஆண்டு இன்ன அண்ணாவி பாடியதே சிறந்தது என்று சொல்லத்தக்க முதியோரும் மறைந்துவருகின்றனர். நாடா மட்டும் எஞ்சினால் எதனைக் கேட்பது என்பதற்கு வழிகாட்டி இராது. பேச்சு மட்டும் எஞ்சினால் அதனைச் சரிபார்க்க வழியிராது. இரண்டையும் ஒருசேரத் தொகுத்தலே பயன்தரும். காரக்கோணம் போன்ற ஊர்களில் இப்பணி இரட்டிப்பு இடர்ப்பாடு உடையது. அங்குப் பாடப்படுவது தூய தமிழன்று என்று தமிழ்த்துறையும், தூய மலையாளமன்று என்று மலையாளத்துறையும் விட்டுவிட வாய்ப்புண்டு. ‘ஆடு பாம்பே’ பாடலுக்கும் இந்நிலையே நேரக்கூடும். சித்தர் இலக்கியம் பயிற்றுவோர் பாம்பாட்டிச் சித்தரோடு நின்றுவிடின், அவ்விளி மலையாளத்தில் புகுந்து ராக் மேடையில் இளைஞர் அவையை ஆட்டுவித்த வரலாறு பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மீள்வரும் தொடரை உயிராகக் கொண்ட பாடலின் கலைத்தன்மை அச்சுப் பனுவலில் அடங்குவதில்லை. அது நிகழ்ச்சிதோறும் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டை இனங்கண்டு மதிப்பிட்டு வருவோர் ரசிகர்களே. அவர்களுடைய பேச்சு அனைத்தும் திறனாய்வன்று. சுவைப்பொருள், பொறியுணர்வு, குறிப்பு, விறல் ஆகிய நான்கையும் தொடர்புபடுத்தி, பிறிதொரு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டு, மறுப்புக்கு இடந்தரும் பேச்சே திறனாய்வாகும். நேரில் இருந்த பெருமை, நினைவின் மிகை, பதிவின் சார்பு ஆகியன அதன் குறைகள். இவற்றுள் இறுதிக்குறை அச்சுப் பதிப்பைச் சார்ந்த கல்விப்புல ஆய்வுக்கும் உரியது.

எனவே வில்லுப்பாட்டையோ ராக் பாடலையோ களத்தில் தொகுக்கும் ஆய்வாளர், பாடலின் சொற்களோடு நாள், இடம், அவை, கேட்டோரின் ஒப்பீட்டுத் தீர்ப்பு ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். எது சிறந்த நிகழ்ச்சி, ஏன் என்னும் இரு வினாக்களையும் தகவலாளியிடம் கேட்பது களப்பணிக் கேள்விநிரலில் இடம்பெற வேண்டும். ஒருவர் 1985இல் கேட்ட கொடை இரவைப் பற்றியும், அவர் பேரன் ‘ஆடு பாம்பே’ கேட்ட இரவைப் பற்றியும் சொல்லும் கூற்றுகள் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து இடம்பெறுமாயின், மெய்ப்பாட்டியலுக்கு இக்காலத்து எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். அத்தகைய தொகுப்பினைத் தொடங்குவதற்கு இரு மொழியும் கேட்டுப் பழகிய காரக்கோணம் வட்டாரம் மிகவும் ஏற்ற களமாகும்.